தோல் சொல்லும் முதற்செய்தி: குருதிப் புற்றுநோயும் எமது மௌனமும்

பனிக்காலம் தொடங்கியதும் ஒஸ்லோவில் எமது உடல்கள் கண்ணுக்கு மறைந்து போகின்றன. ஒக்ரோபர் முதல் ஏப்ரல் வரை கம்பளி உள்ளாடை, அதற்கு மேல் ஒன்று, அதற்கும் மேல் மற்றொன்று என எம்மை நாம் பொதிந்து கொள்கின்றோம். ஊரிலே கிணற்றடியில் குளிக்கும் பிள்ளையின் முதுகில் புதிதாக ஒரு தடிப்புத் தோன்றினால் அம்மம்மாவோ பக்கத்து வீட்டு மாமியோ அன்றே கண்டு கேட்டு விடுவார்கள். இங்கே பத்து வயதைத் தாண்டிய பிள்ளை குளியலறைக் கதவை உட்புறமாகப் பூட்டிக் கொள்கின்றது. அது அப்பிள்ளையின் உரிமை; அதில் தவறேதுமில்லை. ஆயினும் அந்தக் கதவு பூட்டப்பட்ட நாளிலிருந்து பிள்ளையின் தோலை வேறு எவரும் பார்ப்பதில்லை என்பதனையும், தன் தோலில் எதைக் கண்டால் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்கு எவரும் கற்றுக் கொடுப்பதில்லை என்பதனையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

குருதிப் புற்றுநோய்களிற் சில தமது முதல் அடையாளத்தைத் தோலிலேயே காட்டுகின்றன. அந்த அடையாளத்தைக் கண்ட நாளுக்கும் ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனைக்குக் கை நீட்டும் நாளுக்கும் இடையிலுள்ள காலம், சில வேளைகளில் உயிருக்கும் மரணத்துக்கும் இடையிலுள்ள தூரமாக அமைந்து விடுகின்றது. அந்தக் காலத்தை நீட்டுவதில் எமது வீடுகளின் பழக்கங்களுக்கும் மௌனத்துக்கும் பங்குண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். தோலில் தோன்றும் புள்ளிகளும் அரிப்பும் கண்டல்களும் மிகப் பெரும்பாலும் புற்றுநோயினால் வருபவை அல்ல. ஓடி விளையாடும் பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே நீலக் கண்டல்கள் இருப்பது இயல்பு. இந்நாட்டின் வறண்ட குளிர்காலக் காற்று எவருடைய தோலையும் அரிக்கச் செய்யும். ஆகவே இதனை வாசித்து விட்டு எவரும் அஞ்சி நடுங்கத் தேவையில்லை. எது வழமையானது, எது வழமைக்கு மாறானது என்று பிரித்தறியக் கற்றுக் கொண்டால் போதும்.

நோர்வேயில் தொடங்கி வேலூர் வரை ஒரு வரலாறு

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956 இல் நோர்வே மண்ணிற் காலடி வைத்தார் என்பதும், அவருடன் நோர்வேத் தமிழரின் வரலாறு தொடங்குகின்றது என்பதும் எம்மில் மூத்தோர் அறிந்தவை. அதற்கு அடுத்த ஆண்டில், 1957 இல், லெய்வ் ஹில்லெஸ்தாட் என்ற நோர்வே நாட்டு மருத்துவர் ஒரு மருத்துவ இதழில் மூன்று நோயாளரைப் பற்றி எழுதினார். மூவருக்கும் கடுமையான இரத்தக்கசிவு இருந்தது. நோய் வெளிப்பட்டுச் சில வாரங்களுக்குள்ளேயே முடிவு வந்து விட்டது. லியூக்கேமியாக்களில் இது ஒரு தனி வகை என்று அவர் அடையாளம் காட்டினார். அக்யூட் புரோமைலோசைட்டிக் லியூக்கேமியா என்று இன்று உலகம் அழைக்கும் அந்நோய்க்கு மருத்துவ நூல்களில் முதல் விளக்கம் தந்தவர் அவரே. இன்ன காரணம் என்று அறிய முடியாதபடி உடலெங்கும் தோன்றும் கண்டல்கள், தோலிற் சிவப்புப் புள்ளிகள், பல் முரசிலிருந்து கசியும் இரத்தம், நிற்காத மூக்குக் குருதி ஆகியவை இந்நோயின் முதல் அடையாளங்களாகப் பல வேளைகளில் அமைகின்றன. முதியவர்களை விட இளையோரும் நடுத்தர வயதினருமே இதற்குப் பெரிதும் ஆளாகின்றனர்.

அன்று ஏறத்தாழ மரண தண்டனையாக இருந்த நோய் இன்று அவ்வாறில்லை. சீனாவின் சாங்காய் நகரில் வாங் சென்யீ என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் உயிர்ச்சத்து ஏ யிலிருந்து பெறப்படும் ஒரு மருந்தை 24 நோயாளருக்குக் கொடுத்துப் பெற்ற வெற்றியை 1988 இல் உலகுக்கு அறிவித்தார்கள். சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள், நஞ்சு என்று நாம் அறிந்த ஆர்செனிக்கிலிருந்தே இந்நோய்க்கு மற்றொரு மருந்தைக் கண்டார்கள். தமிழ்நாட்டின் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1998 முதல் 2004 வரையான காலத்தில், அந்த ஆர்செனிக் மருந்தை மட்டுமே முதன்மையாகக் கொண்டு 72 பேருக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அவர்களில் 86 வீதமானோரில் நோய் முற்றாக அடங்கியது. விக்ரம் மத்தியூஸ், மாமன் சாண்டி முதலிய வேலூர் மருத்துவர்கள் 2006 இல் வெளியிட்ட இந்த முடிவு, விலை உயர்ந்த சிகிச்சைக்கு வழியில்லாத ஏழை நாடுகளுக்கெல்லாம் நம்பிக்கை தந்தது. பின்னர் 2013 இல் இத்தாலிய, யேர்மனிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்விலே, இவ்விரு மருந்துகளையும் சேர்த்துப் பெற்ற, ஆபத்துக் குறைந்த மற்றும் நடுத்தர ஆபத்துள்ள பிரிவினரில் 99 வீதமானோர் இரண்டு ஆண்டுகளின் பின்னரும் உயிரோடு இருந்தனர்.

அப்படியாயின் இந்நோயால் இப்போது எவரும் இறப்பதில்லையா? இறக்கின்றார்கள். எமது அயல் நாடாகிய சுவீடனில் 1997 முதல் 2006 வரை இந்நோய் கண்டறியப்பட்ட 105 பேரின் தரவுகளை ஆராய்ந்தபோது, 29 வீதமானோர் நோய் கண்டறியப்பட்ட 30 நாட்களுக்குள் இறந்திருந்தனர். அந்த இறப்புகளுக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று இரத்தக்கசிவு. மருந்து இருந்தது, வசதியான மருத்துவமனைகள் இருந்தன, ஆயினும் மருந்து தன் வேலையைச் செய்து முடிக்கும் முன்னர் நோய் முந்திக் கொண்டது. தாண்டினால் வாழ்வு என்ற அந்த முதல் சில வாரங்களில் ஒவ்வொரு நாளுக்கும் பெறுமதி உண்டு. கண்டலைக் கண்டவர் மருத்துவரிடம் செல்லாமற் கழிக்கும் நாட்களும் அந்தக் கணக்கிலேயே சேர்கின்றன.

தோலில் ஏன் தெரிகின்றது?

எமது எலும்புகளுக்குள் இருக்கும் மச்சையிலேதான் இரத்தத்தின் செங்குழியங்களும் வெண்குழியங்களும் சிறுதட்டுக்களும் உற்பத்தியாகின்றன. லியூக்கேமியாவில், முதிர்ச்சியடையாத வெண்குழியங்கள் கட்டுக்கடங்காமற் பெருகி மச்சையை அடைத்துக் கொள்கின்றன. நல்ல பயிருக்கு இடம் விடாத களை போன்றது இது. சிறுதட்டுக்கள் குறைவதால், சிறு குழாய்களில் ஏற்படும் நுண்ணிய கசிவுகளும் அடைபடாமல் தோலில் குண்டூசி முனையளவு புள்ளிகளாகவும் கண்டல்களாகவும் வெளித் தெரிகின்றன. செங்குழியங்கள் குறைவதால் உடல் வெளிறிக் களைப்படைகின்றது. நல்ல வெண்குழியங்கள் குறைவதால் காய்ச்சலும் தொற்றுக்களும் மீண்டும் மீண்டும் வருகின்றன. சில வகைகளில் நோய்க்கலங்களே தோலுக்குள்ளும் பல் முரசுக்குள்ளும் புகுந்து, ஊதா நிறக் கட்டிகளாகவோ முரசு வீக்கமாகவோ தோன்றுவதுண்டு.

இந்தப் புள்ளிகளை இனங்காண ஓர் எளிய வழியுண்டு. கண்ணாடிக் குவளை ஒன்றின் பக்கத்தைப் புள்ளிகளின் மீது அழுத்திப் பாருங்கள். சாதாரண தடிப்பாயின் அழுத்தத்தில் நிறம் மறையும். தோலுக்குள் கசிந்த இரத்தமாயின் நிறம் மறையாது. நிறம் மறையாத புள்ளிகளுடன் காய்ச்சலும் இருந்து, பிள்ளை சோர்ந்து கிடக்குமாயின் காத்திருக்கவே கூடாது. அது மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமித் தொற்றாகவும் இருக்கக்கூடும். உடனே 113 என்ற அவசர இலக்கத்தை அழைக்க வேண்டும். காய்ச்சல் இல்லாவிடினும் அன்றே மருத்துவரை நாட வேண்டும். குடும்ப வைத்தியரின் நிலையம் மூடியிருந்தால், லேகெவக்த் எனப்படும் அவசர வைத்திய சேவையை 116117 என்ற இலக்கத்தில் எந்நேரமும் அழைக்கலாம்.

கண்டல்களைப் பொறுத்தவரை, அவை எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். உதைபந்தாடும் சிறுவனின் கணுக்காலில் இருப்பது வியப்பன்று. வயிற்றில், முதுகில், மேற்கையின் உட்புறத்தில், அடிபட்ட நினைவே இல்லாமற் பல கண்டல்கள் தோன்றினால், பழையது ஆறும் முன்னர் புதியது வந்தால், அது கேள்விக்குரியது.

எமது நிறமும் மருத்துவ நூல்களும்

இங்கே எம்மவருக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் உண்டு. சிவந்த புள்ளி, வெளிறிய கன்னம் என்றெல்லாம் நூல்கள் சொல்பவை வெள்ளைத் தோலுக்குப் பொருந்துபவை. எமது கபில நிறத் தோலில் குண்டூசிப் புள்ளிகள் சிவப்பாகத் தெரிவதில்லை. கருமையாக, மங்கலாகத் தெரியும், அல்லது தெரியாமலே போகும். கண்டல் நீலமாக அன்றிக் கறுத்த நிழல் போல இருக்கும். ஆகவே நிறமணி குறைந்த இடங்களிற் பார்க்க வேண்டும். உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், வாயின் உட்கன்னம், அண்ணம் ஆகியவையே எமக்கு உண்மையைச் சொல்லும் இடங்கள். பிள்ளை வெளிறிவிட்டதா என்பதை முகத்தைப் பார்த்து அறிய முயலாமல், கீழ் இமையை மெல்ல இழுத்தும் நகங்களையும் உள்ளங்கையையும் பார்த்தும் அறியுங்கள். ஊரிலே எமது மூத்த வைத்தியர்கள் இரத்தச்சோகையைக் கண்டு பிடித்ததும் இவ்வாறுதானே!

இலண்டனில் மருத்துவம் பயின்று கொண்டிருந்த மலோன் முக்வெண்டே என்ற கறுப்பின மாணவர், கருமையான தோலில் நோய்க்குறிகள் எப்படித் தோன்றும் என்று தமக்கு எவரும் கற்பிக்கவில்லை என்பதை உணர்ந்தார். குறை சொல்வதோடு நிற்காமல், தமது ஆசிரியர்கள் இருவருடன் சேர்ந்து, கருந்தோலில் நோய்க்குறிகளைக் காட்டும் கைநூல் ஒன்றை 2020 இல் வெளியிட்டார். நோர்வேயின் பல்கலைக்கழகங்களில் மருத்துவமும் தாதியியலும் பயிலும் எமது இளையோர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். தமது பாட வகுப்பிலே எழுந்து நின்று, "இந்தக் குறி கபில நிறத் தோலில் எப்படி இருக்கும்?" என்று ஒரு கேள்வி கேட்பதும் ஒரு சமூகப் பணியே.

அரிப்பும் தேமலும்

எல்லாக் குருதிப் புற்றுநோய்களும் விரைந்து வருபவை அல்ல. நிணநீர்த் தொகுதியிற் தோன்றும் ஹொட்ஜ்கின் நோய் பெரும்பாலும் பதினைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதினரைத் தாக்குவது. தோலில் எந்தத் தடிப்பும் இல்லாமல், இரவிலே உறங்க விடாத அரிப்பு, கழுத்திலோ கமக்கட்டிலோ வலியற்ற கட்டி, படுக்கையை நனைக்கும் இரவு வியர்வை, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை அதன் குறிகள். அரிப்பு மட்டுமே பல மாதங்கள் முன்னதாக வந்து நிற்பதும் உண்டு. குளித்து முடித்தவுடன் தோலைப் பிடுங்கும் அரிப்பு, செங்குழியங்கள் அளவுக்கு மீறிப் பெருகும் மற்றொரு நாட்பட்ட குருதி நோயின் அடையாளமாக இருக்கக்கூடும். பூச்சுக்களாலும் எண்ணெயினாலும் ஆறு வாரங்களாகியும் தீராத அரிப்பு எதுவாயினும் மருத்துவரின் பார்வைக்குச் செல்ல வேண்டும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. நிணநீர்க் குழியங்கள் தோலிலேயே குடிகொண்டு உண்டாக்கும் புற்றுநோயை, பிரெஞ்சு மருத்துவர் அலிபேர் 1806 ஆம் ஆண்டிலேயே விவரித்திருந்தார். மைக்கோசிஸ் பங்கோயிடிஸ் என்பது அதன் பெயர். வெயில் படாத இடங்களில், இடுப்பிலும் தொடையிலும் மார்பிலும், செதிலுள்ள திட்டுக்களாகத் தோன்றி, எக்ஸிமா போலவும் சொரியாசிஸ் போலவும் பல ஆண்டுகள் நடித்துக் கொண்டிருக்கும். எம்மைப் போன்ற நிறமுடையவர்களில், குறிப்பாக இளவயதினரிலும் சிறுவர்களிலும், இது வெளிறிய திட்டுக்களாக வருவதுண்டு. பார்ப்பவர்கள் அதனைத் தேமல் என்பார்கள், வெண்புள்ளி என்பார்கள். இந்நோய் பெரும்பாலும் மெதுவாகவே நகர்வது. தொடக்கத்தில் கண்டறிந்தால் ஒளிச்சிகிச்சையினாலும் பூச்சு மருந்துகளினாலும் நன்கு கட்டுப்படுத்தலாம். ஆயின் அதைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை போதாது. தோலிலிருந்து சிறு துண்டொன்றை எடுத்து ஆராய வேண்டும். சில வேளைகளில் ஒரு தடவைக்கு மேலும் எடுக்க வேண்டி வரும்.

எமது வீடுகளில் நடப்பது

இனி எம்மைப் பற்றிப் பேசுவோம். பிள்ளை சொறிந்தால், "கத்தரிக்காய் கிரந்தி, இறால் கிரந்தி, இரண்டையும் நிறுத்து" என்கின்றோம். கொப்புளம் கண்டால், "உடம்புச் சூடு" என்று நல்லெண்ணெய் வைக்கின்றோம். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுகின்றோம். உடல் வாடினால் நாவூறு கழிக்கின்றோம். இவை எமது பாட்டிமாரின் அன்பு கலந்த பழக்கங்கள்; இவற்றை நான் இகழ மாட்டேன். ஒரு வாரம் வேப்பிலை பூசுவதால் எவருக்கும் கெடுதி வந்து விடப் போவதில்லை. கெடுதி எதில் உள்ளது என்றால், ஒரு வாரம் ஒரு மாதமாகி, ஒரு மாதம் ஓராண்டாவதில் உள்ளது.

அதனினும் கெடுதியானது, ஊரிலிருந்து வருவோரின் பயணப் பைகளில் வந்து சேரும் பெயரறியாக் களிம்புகள். அவற்றிற் பலவற்றில் வலுவான ஸ்டீரொயிட் கலந்திருக்கின்றது. பூசியவுடன் திட்டு மங்கும். "சுகமாகி விட்டது" என்று மகிழ்வோம். உள்ளே இருக்கும் நோயோ மாறாது. பின்னர் தோற்துண்டை ஆராயும் மருத்துவரையும் அது ஏமாற்றக்கூடும். நிறத்தை வெளுப்பாக்கும் களிம்புகளும் இவ்வாறே. திருமணப் பேச்சு நடக்கும் வீட்டிலே மகளின் உடலிலுள்ள வெளிறிய திட்டை மறைப்பதற்குக் காட்டும் அக்கறையிற் பாதியையேனும் அது என்னவென்று அறிவதற்குக் காட்டுகின்றோமா?

எமக்குப் புற்றுநோய் என்ற சொல்லே வாயில் வருவதில்லை. "கூடாத வருத்தம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்கின்றோம். இந்நாட்டில் வேறொரு வழியைக் காட்டிச் சென்றவள் ஓர் இளம் பெண். கிறிஸ்தியான்சுண்ட் நகரைச் சேர்ந்த ரெகீனெ ஸ்தொக்கெ என்ற மாணவிக்கு 2008 இல், 17 வயதில், கடுமையான லியூக்கேமியா இருப்பது கண்டறியப்பட்டது. அவள் ஒளிந்து கொள்ளவில்லை. தன் நோயையும் அச்சத்தையும் நம்பிக்கையையும் இணையத்தில் வெளிப்படையாக எழுதினாள். நாடெங்கும் மக்கள் அதனை வாசித்தார்கள். 2009 டிசெம்பர் 3 ஆம் நாள், 18 வயதில் அவள் மறைந்தாள். அடுத்த ஆண்டில் அவளது எழுத்துக்கள் நூலாக வெளிவந்தன. அவளை மருத்துவத்தாற் காப்பாற்ற இயலவில்லை. ஆயினும் ஒரு நோயின் பெயரைச் சொல்வதால் குடும்பத்தின் மானம் போய்விடாது என்பதை அவள் ஒரு தலைமுறைக்கே கற்றுக் கொடுத்தாள். எமது வீடுகளிலும் அவள் வயதுப் பிள்ளைகள் இருக்கின்றார்கள்.

பிள்ளையின் தோளில் வைத்த சுமை

எனது குறையொன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். தொண்ணூறுகளின் இறுதியில் என் மனைவியின் கைகளிலும் வயிற்றிலும் காரணமறியாக் கண்டல்கள் தோன்றின. மாதவிடாயின் போது இரத்தப்போக்கும் மிகுதியாக இருந்தது. எனக்கு வேலை, அவளுக்கு மொழி போதாது. எனவே பதினொரு வயது மகளை வைத்தியரிடம் கூட அனுப்பினேன். அந்தப் பிள்ளை மாதவிடாயைப் பற்றி வைத்தியரிடம் எப்படிச் சொல்வாள்? "அம்மாவுக்குக் களைப்பாக இருக்கின்றதாம்" என்று மட்டும் சொல்லி விட்டாள். ஓய்வெடுக்கும்படி சொல்லி அனுப்பினார்கள். மூன்று மாதங்கள் கழித்தே இரத்தம் சோதிக்கப்பட்டது. நல்வாய்ப்பாக அது புற்றுநோயன்று, சிறுதட்டுக்கள் குறைந்து போகும் வேறொரு நோய், மருந்தினால் மாறியது. வைத்தியரை நான் குறை கூறவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டதையே அவர் கேட்டார். பல ஆண்டுகளின் பின் என் மகள் கேட்ட கேள்வியே இன்றும் என் காதில் ஒலிக்கின்றது: "அப்பா, அம்மாவுக்கு அண்டைக்கு ஏதும் நடந்திருந்தால், அது என்ரை பிழையெண்டுதானே நான் வாழ்நாள் முழுக்க நினைச்சிருப்பன்?"

இன்று அந்த நிலை தேவையில்லை. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள நோர்வேயின் மொழிபெயர்ப்பாளர் சட்டத்தின்படி, முறையான உதவி கிடைப்பதற்குத் தேவையான இடங்களில் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரைப் பயன்படுத்துவது பொதுச் சேவைகளின் கடமையாகும். அவசர நிலை போன்ற விதிவிலக்குகள் தவிர, பிள்ளைகளை மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்துவதையும் அச்சட்டம் தடுக்கின்றது. வைத்தியரிடம் நேரம் பதியும்போதே "தொல்க்" வேண்டும் என்று கேளுங்கள். நோர்வேஜிய மொழியில் அந்த ஒரு சொல் போதும். "எமக்கு மொழி தெரியாதென்று நினைத்து விடுவார்களே" என்று வெட்கப்பட வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் எமது ஊரவராக இருந்து செய்தி வெளியே போய்விடுமோ என்று அஞ்சுவோரும் உளர். இரகசியம் காப்பது அவரது சட்டக் கடமை. முகம் காட்டத் தயக்கமெனில் தொலைபேசி வழியான மொழிபெயர்ப்பையும் கேட்கலாம்.

என்ன செய்யலாம்?

ஃபாஸ்ட்லேகெ எனப்படும் குடும்ப வைத்தியர் முறை இந்நாட்டில் 2001 முதல் நடைமுறையில் உள்ளது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அவரிடம் கட்டணமும் இல்லை. குருதிக் கலங்களை எண்ணும் பரிசோதனை மிகச் சாதாரணமானது. சில துளி இரத்தமும் சில நிமிடங்களுமே தேவை. புற்றுநோய் என்ற ஐயம் வலுத்தால், 2015 முதல் நடைமுறையிலுள்ள ஒழுங்கின்படி, குறித்த கால எல்லைக்குள் மருத்துவமனையிற் பரிசோதனைகள் தொடங்கப்பட வேண்டும். வழி திறந்தே இருக்கின்றது. அந்த வழியின் வாசல் வரை நாமே நடக்க வேண்டும்.

வைத்தியரிடம் செல்லும் முன்னர் மூன்றை எழுதிக் கொள்ளுங்கள்: எப்போது தொடங்கியது, உடலில் எங்கெங்கே உள்ளது, அதனுடன் வேறென்ன உண்டு. காய்ச்சல், களைப்பு, மெலிவு, வியர்வை, மூக்கிலோ முரசிலோ இரத்தம் ஆகியவற்றை விடாமற் குறியுங்கள். பூசிய களிம்பையும் உண்ட மருந்தையும் மறைக்காமற் கொண்டு சென்று காட்டுங்கள். திட்டுக்களும் கண்டல்களும் வந்து வந்து மறைபவையாயின், பகல் வெளிச்சத்தில் கைத்தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். முதற்தடவை "ஒன்றுமில்லை" என்று அனுப்பப்பட்டும் குறி மாறாவிட்டால், தயங்காமல் மீண்டும் செல்லுங்கள். "இரத்தம் சோதிக்கலாமா?" என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. இரத்தம் சரியாக இருந்தும் அரிப்போ திட்டோ கட்டியோ தீரவில்லையெனில், "தோல் மருத்துவரிடம் அனுப்ப முடியுமா?" என்று கேளுங்கள். வைத்தியரை எதிர்த்துப் பேசக் கூடாதென்பது எமது வளர்ப்பு. கேள்வி கேட்பது எதிர்ப்பாகாது என்பதை இந்நாட்டில் நாம் கற்றுக் கொள்ள வேண்டியிருக்கின்றது.

பெற்றோரே, பிள்ளையின் கதவை நீங்கள் உடைக்க வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு நாள், தலைக்கு எண்ணெய் வைக்கும் வேளையிலோ நகம் வெட்டும் வேளையிலோ, "உடம்பில் புதிதாக ஏதாவது கண்டாயா?" என்று கேட்டாற் போதும். பிள்ளை சொல்லும்போது ஏசாமலும் பதறாமலும் கேளுங்கள். ஏச்சு விழும் வீட்டில் அடுத்த முறை எதுவும் சொல்லப்படாது.

இளையோரே, 16 வயதிலிருந்து உங்கள் உடல்நலம் பற்றிய முடிவுகள் சட்டப்படி உங்களுடையவை. வீட்டிற் சொல்லத் தயக்கமாயின், இளையோருக்கான சுகாதார நிலையங்களில் கட்டணமின்றித் தாதியிடம் பேசலாம். அதேவேளை உங்களுக்குத் தெரிந்த இந்த மொழியும் இந்த நாட்டின் வழிமுறைகளும் உங்கள் பெற்றோருக்கும் பேரன் பேத்தியருக்கும் தெரியாதவை என்பதை மறவாதீர்கள். அவர்களுக்காக மொழிபெயர்க்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பதிந்து கொடுங்கள். அம்மம்மாவின் கையில் காரணமற்ற கண்டலைக் கண்டால், "வயதென்றால் அப்படித்தான்" என்று அவர் சொன்னாலும், நீங்கள் விட்டு விடாதீர்கள்.

எமது சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளில் பிள்ளைகளை வகுப்பில் விட்டு விட்டு, கையிற் கோப்பிக் குவளையுடன் இரண்டு மூன்று மணிநேரம் காத்திருக்கும் பெற்றோரை ஒவ்வொரு வாரமும் காண்கின்றோம். எம்மிடையே தமிழ் மருத்துவர்களும் தாதியரும் நிறையவே உருவாகியுள்ளார்கள். அந்த மணிநேரங்களில் ஒன்றை, ஆண்டுக்கு இரண்டு முறையேனும், இதற்கென ஒதுக்க முடியாதா? ஒரு கண்ணாடிக் குவளையும், இமையைக் கீழிழுத்துப் பார்க்கும் ஒரு விரலும், வெட்கமின்றிப் பெயர் சொல்லும் ஒரு வாயும் போதும். எமது பழக்கங்களால் வீணாகும் நாட்களைக் குறைப்பது எமது கைகளிலேயே இருக்கின்றது. அடுத்த சனிக்கிழமையே அதனைத் தொடங்குவோம்.